ஆறு முட்டைக் கணக்கு

வா தாயி, இந்தத் திண்ணையில உக்காரு. மொதல்ல அந்தக் குட்டித் தராசைக் கீழ வையி. நகைக்கடைக்காரன் குண்டுமணி நிறுக்குறாப்ல நீ ரவையை நிறுத்துக்கிட்டு இருக்கிறதை மூணு நாளா பாக்குறேன். எனக்கு என்னமோ வீட்டுல எதையோ அடகு வைக்கப் போற மாதிரியே வயித்தைக் கலக்குது.

மூணு நாள்ல மூணு கேக்கு. மொதக் கேக்கு கவிச்சி அடிச்சது. ரெண்டாவது நடுவுல குழி விழுந்து, சித்திரை மாசத்து ஊரணியாட்டம் கிடந்தது. மூணாவதைக் கொண்டுபோயி நாய்க்கு வெச்சே. அது ராஜபாளையத்து நாயி, கௌரவமான சாதி. மோந்து பாத்துச்சு, என் மூஞ்சியைப் பாத்துச்சு, பேசாம எந்திரிச்சு வேப்பமரத்தடிக்குப் போயிருச்சு. நான் மட்டுந்தான் மூணையும் தின்னேன். பல்லு இல்லாதவனுக்கு எந்தக் கேக்கும் மெத்துன்னுதான் இருக்கும்.

நீ சென்னையிலருந்து வந்து வன்னியம்பட்டி விலக்குல எறங்கினதும் சொன்ன மொத வார்த்தை என்ன? "தாத்தா, பூட்டியோட பாரம்பரியக் கேக்கை மீட்டெடுக்கணும்." எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. நம்ம ஊர்ப்பக்கம் மீக்கிறதுன்னா ரெண்டே சங்கதி. ஒண்ணு பேங்குல கிடக்குற நகை. இன்னொண்ணு கெணத்துல விழுந்த வாளி. சரி, பக்கத்து வீட்டுல பாதாளக் கரண்டி வாங்கிட்டு வரச் சொல்லுவா போலன்னு நெனச்சேன். நீ என்னன்னா ஃபோனைத் தூக்கி என் மூக்குக்கு நேரா புடிச்சுட்டு, "பூட்டி எப்படி இருப்பாங்க, சொல்லுங்க"ன்னே. கறுப்பா இருப்பா தாயி. வேறென்ன சொல்ல.

வேலையை விட்டுட்டுக் கேக்குக்கடை போடப் போறேன்னு உங்கம்மா கண்ணைக் கசக்குறா. நீ போடு. நான் வேண்டாங்கல. ஆனா ஏவாரம்னு வந்துட்டா பெரிய மனுசன் நாலு புத்தி சொல்லணும்ல? கேட்டுக்க.

மொதல்ல ஒரு கிழவி படம் வேணும். காது தோளைத் தொடணும், அதுல பாம்படம் தொங்கணும். நம்ம கிழவி படம் இல்லேன்னா எந்தக் கிழவி படமா இருந்தாலும் சரி, பாம்படந்தான் முக்கியம். அந்தக் கிழவி சென்மத்துல கேக்கைக் கண்ணால பாத்திருக்க மாட்டா. பரவாயில்ல, வந்து கேஸா போடப் போறா? ரெண்டாவது, போர்டுல "பாட்டி கைப்பக்குவம்"னு எழுதணும். பாட்டி கை எங்க, கேக்குப் பிசையுறது யாரு கைன்னு எவனும் கேக்க மாட்டான். மூணாவது, "எங்க குடும்பத்து ரகசியப் பொருள் ஒண்ணு சேருது"ன்னு சொல்லி அதோட வாயை மூடிக்கணும். எதுவும் சேக்காட்டியும் சொல்லலாம். சேக்காததுதானே தாயி அசல் ரகசியம், எவனும் கண்டுபிடிக்கவே முடியாது. நாலாவது, விலை. இந்த மூணையும் ஒழுங்கா செஞ்சுட்டா விலையை நீ கூசாம சொல்லலாம்.

சிரிக்காத. நாப்பது வருஷம் பாத்தவன் சொல்றேன்.

நான் பால்காரன்னு உனக்குத் தெரியும். காலையில நாலரைக்கு எந்திரிச்சு, சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதிப்பேன். பாதிப் பாலு வீடுகளுக்கு. மீதிப் பாலு பால்கோவா அடுப்புக்கு. அந்த அடுப்படியில நின்னு நின்னு என் சட்டையில எப்பவும் பால்கோவா வாசம் அடிக்கும். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த புள்ளைக என் தோளை நக்காத குறை.

அங்க என்ன ரகசியம்னு நெனைக்கிற? 10 லிட்டர் பசும்பாலு. ஒண்ணேகால் கிலோ சீனி. விறகு. அகலமான இரும்புக் கடாயி. ஆளு உசரத்துல பாதி இருக்கும் ஒரு கரண்டி. அவ்வளவுதான் பொருளு. அதுக்கு மேல ஒண்ணு உண்டு: இடத்தை விட்டு நகராத ஒரு மனுசன். பாலு பொங்கும்போது அவன் நகரக் கூடாது, வத்தும்போது நகரக் கூடாது, சீனி விழுந்து இளகி மறுபடி இறுகும்போது மூச்சுவிடக் கூட யோசிக்கணும். அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒரு பீடி பத்தவைக்கிற நேரம் கை நின்னாலும் அடி பிடிக்கும். அடி பிடிச்சா அந்த வாடை கடாயி பூராவும் பரவிரும். அது போதாதுன்னு, தீ எங்க குறையணும், எங்க ஏறணும்னு அவன் கண்ணு விறகுமேல ஒரு பக்கம் இருக்கும். இறக்கும்போது மூணரை கிலோ சொச்சம் நிக்கும்.

அந்தக் கணக்குதான் என்னை யோக்கியனாக்குச்சு, தெரியுமா. வீடுகளுக்கு ஊத்துற பால்ல ஒரு செம்பு தண்ணி கூடப் போனா யாருக்குத் தெரியப் போகுது. கடாயில ஊத்துற பாலு அப்படியில்ல, அது காட்டிக்குடுத்துரும். தண்ணியை விரட்டுறதுக்கு விறகு கூட எரியும், இறக்கினா எடை குறையும். மாஸ்டர் என்னைப் பாத்து, "என்ன, நேத்து ஒங்க ஊர்ல மழையா?"ம்பாரு. நான் குனிஞ்ச தலை நிமிராம கேனைக் கழுவுவேன். ஒரு நாள் ரோசத்துல கேட்டுட்டேன், நான் ஊத்தலேன்னா பால்ல தண்ணியே கிடையாதான்னு. அவரு சிரிச்சுக்கிட்டே, "10 லிட்டர்ல எட்டரை லிட்டருக்கு மேல தண்ணிதாம்ப்பா, அது மாடு ஊத்துனது. நீ வேற எதுக்கு அதோட போட்டி போடுற"ன்னாரு. பிறகு தெரிஞ்சுக்கிட்டேன், அது நெசந்தான். நூத்துக்கு 87 பங்கு தண்ணி.

இப்ப நீ கோயில் தெருவுல, பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு பாரு. எத்தனை கடை, எத்தனை "ஒரிஜினல்", எத்தனை "ஆதி", எத்தனை "இதுதான் பழைய கடை". எல்லா ஒரிஜினலும் ஒரே தெருவுல நிக்குது. ஆனா 2019-ல புவிசார் குறியீடுன்னு ஒண்ணு குடுத்தாக பாரு, அது எந்தக் குடும்பத்துப் பேருலயும் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்னு ஊருப் பேருல இருக்கு. மறு வருஷம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கிடைச்சதும் அப்படித்தான், ஊருப் பேருலதான். சட்டம் எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்கு, இந்தக் கிண்டுற வேலையை ஒரு வீட்டுக்குப் பட்டா போட்டுக் குடுக்க முடியாதுன்னு. நீ மட்டும் பூட்டி, குடும்பம், பரம்பரைன்னு வேலி கட்டிக்கிட்டு நிக்கிற.

சரி, அந்தப் பரம்பரைன்னா என்னன்னும் பாத்துருவோம். நம்ம கிழக்கால, தெக்கால ஊருகளை எடுத்துக்க. திருநெல்வேலி அல்வா இருக்கே. சொக்கம்பட்டி ஜமீன்தார் காசிக்குப் போயி, அங்க தின்ன அல்வாவை மறக்க முடியாம, கிண்டுற ஆளையே கூட்டிட்டு வந்தாருன்னு சொல்லுவாக. வடக்கத்தி சிங்குக கை அது. இங்க வந்து தாமிரபரணித் தண்ணியக் குடிச்சதும் அது திருநெல்வேலிக்காரன் ஆயிருச்சு. இப்ப யாராவது போயி "இது காசி அல்வா"ன்னு சொல்லட்டும், திருநெல்வேலிக்காரன் அருவாளை எடுக்க மாட்டான், ஆனா அன்னைக்குக் கடையில அல்வா கிடைக்காது.

தூத்துக்குடி மக்ரூனை எடு. சீமையில அதை வாதாம்பருப்புல செய்வானாம். முத்துக்குளிச்ச கடக்கரைக்குப் பறங்கிக்காரன் வந்து ஐந்நூறு வருஷம் ஆகப் போகுது. பிஸ்கோத்துங்கிற வார்த்தையே அவன் விட்டுட்டுப் போனது. யாழ்ப்பாணத்துல இன்னைக்கும் ரொட்டிக்குப் பாணுன்னும், அது வேகுற அடுப்புக்குப் போறணைன்னும் சொல்றாகள்ல, அதுவும் அவன் வாய்ச்சொல்லுதான். ஆனா வாதாங்கொட்டைக்குத் தூத்துக்குடிக்காரன் எங்க போவான்? முந்திரியைப் போட்டான். முந்திரி எங்கருந்து வந்தது? அதையும் பறங்கிக்காரன்தான் பிரேசில்லருந்து கொண்டாந்து மேக்குக் கடக்கரையில நட்டான். இந்தா, நம்ம விலக்குல போற இந்த ரோடு இருக்கே, மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போற ரோடு. முந்திரி ஏவாரத்துக்குப் பேர்போன ஊரு அந்தக் கொல்லம். அப்ப தூத்துக்குடி மக்ரூன்ல தூத்துக்குடி எங்க இருக்கு? முட்டை வெள்ளைக்கருவை நுரை குலையாம அடிச்சு, சீனியைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டு, முந்திரிப் பொடியைத் தூவிப் புரட்டி, கூம்பு கூம்பாப் புழிஞ்சு, அடுப்பு தணியுற சூட்டுல மெதுவாக் காய விடுறான் பாரு, அந்தப் பொறுமையில இருக்கு. கடக்கரைக் காத்துல ஈரம். கொஞ்சம் அசந்தா அத்தனையும் பிசுபிசுத்துப் போகும். அந்த ஈரத்தோட மல்லுக்கட்டின கைதான் தூத்துக்குடி.

தலச்சேரிக் கதையும் சொல்றேன். மாம்பள்ளி பாபுன்னு ஒருத்தரு. பர்மாவுல இருந்துட்டு வந்து 1880-ல பிஸ்கோத்துக் கடை போட்டாரு. 1883-ல முர்டாக் பிரவுன்னு ஒரு தோட்டக்கார தொரை, சீமையிலருந்து வந்த கேக்கு ஒண்ணைக் கையில குடுத்து, "கிறிஸ்துமசுக்கு இதே மாதிரி செஞ்சு குடு"ன்னாராம். பிரெஞ்சு பிராந்தியில மாவு கலக்கணும்னு தொரை சொல்லிவிட்டாராம். பாபு என்ன செஞ்சாரு? முந்திரிப்பழமும் கதலிப்பழமும் போட்டுக் காச்சின உள்ளூர்ச் சரக்கை ஊத்திட்டாரு. அச்சுக்கூட உள்ளூர்க் கொல்லன் அடிச்சதுன்னு சொல்லுவாக. தொரை தின்னு பாத்துட்டு அசந்து போனாராம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக இன்னைக்கும் கேக்கு சுடுறாக. இப்பச் சொல்லு தாயி, அங்க தலைமுறை தலைமுறையா கைமாறினது எது? தொரை சொன்ன ரெசிப்பியா, இல்ல பாபு மாத்தினதா?

யோசி, யோசி. அதுக்குள்ள நான் வெத்தலையை இடிச்சுக்கிறேன்.

இந்த நோட்டைக் கொண்டா. மேல பிளாஸ்டிக் உறை வேற போட்டுட்டியா? நல்லது. மூணு நாளா இதைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கிற. ஒவ்வொரு பக்கமா ஃபோட்டோ புடிச்சு, "பூட்டியின் கையெழுத்து"ன்னு நாலு பேருக்கு அனுப்பியும் வெச்சுட்டே. தாயி, எங்க ஆத்தா கைநாட்டு. அவளுக்கு அ-னாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. இது என் கையெழுத்து. 1949-ல நான் மூணாப்பு. எட்டு வயசு. மெழுகின தரையில குப்புறப் படுத்துக்கிட்டு, ஆத்தா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீ "நூற்றாண்டுக் கறை"ன்னு பெரிசாக்கிப் பாத்தியே, அது என் தலையில வழிஞ்ச விளக்கெண்ணெய்.

வாயை மூடு, ஈ போயிரும்.

ஆத்தாளுக்குக் கேக்கு எங்கருந்து வந்துச்சு? மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீட்டுல அவ பாத்திரம் விளக்கினா. டீச்சரம்மா பாளையங்கோட்டையில படிச்சவுக. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் அவுக வீட்டுல கேக்கு வேகும். ஆத்தா பாத்திரம் விளக்குற மாதிரியே இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டா. ஒரு வருஷம் டீச்சரம்மாவுக்குக் காய்ச்சல். "நீயே செஞ்சுரு"ன்னுட்டாக. செஞ்சா. அதுலருந்து வருஷாவருஷம் ரெண்டு வீட்டுலயும் அவ கையிதான். நம்ம வீட்டுல கிறிஸ்துமசு ஏது? பொங்கலுக்குச் செஞ்சா. சக்கரைப்பொங்கலுக்குப் பக்கத்துல கேக்கு இருந்த வீடு இந்த ஊர்லயே நம்ம வீடு ஒண்ணுதான்.

டீச்சரம்மா வீட்டுல முன்னெல்லாம் பன்னும் சுடுவாகளாம். மாவு பொங்குறதுக்குக் கள்ளு ஊத்துவாக. அப்ப இந்த ஈஸ்ட் பொட்டலமெல்லாம் ஏது, பனைமரந்தான் பொட்டலம். செம்பு குடுத்துவிட்டா எங்கய்யாதான் போயி கள்ளு வாங்கிட்டு வருவாரு. ரெண்டு செம்புக்குக் காசு வாங்கிட்டுப் போவாரு, ஒரு செம்புதான் வந்து சேரும். மாவு பொங்குறதுக்கு முந்தியே எங்கய்யா பொங்கிருவாரு. 1948-ல ராஜதானி பூராவும் மதுவிலக்கு வந்துச்சு. அதோட பன்னு நின்னு போச்சு. பன்னுக்காக எங்கய்யா அழுத அழுகை இருக்கே, டீச்சரம்மாவே தேத்தினாக.

இப்ப நோட்டைப் படி. சத்தமாப் படி. "ரவை ஒரு உழக்கு. சீனி தலைதட்டி ஒரு உழக்கு. வெண்ணெய் சின்னத் தேங்கா அளவு. முட்டை ஆறு. ஏலக்கா காலணாவுக்கு. முந்திரி இருந்தா." அவ்வளவுதான். நீ இதை கிராமுக்கு மாத்திட்டே. உழக்கை மாத்திட்டே, சரி. தேங்காயை எப்படி மாத்தினே? நம்ம தோப்புத் தேங்காயா, பொள்ளாச்சித் தேங்காயா? காலணாவை எப்படி மாத்தினே? அணா செத்து 1957-லயே கருமாதி முடிஞ்சு போச்சு. காலணாவுக்கு எத்தனை ஏலக்கா வரும்ங்கிறது அன்னைக்குச் செட்டியார் கடையில இருக்கிற கூட்டத்தைப் பொறுத்தது. கூட்டம் இல்லேன்னா பேச்சுத்துணைக்கு நாலு சேத்துப் போடுவாரு.

மைதா எங்கன்னு கேட்டேல்ல? டீச்சரம்மா வீட்டுல மைதாதான். நம்ம வீட்டுக்கு மைதா எட்டல. ரவை எட்டுச்சு. அதை வெண்ணெயில ஊறப்போட்டா ராவோட ராவா உப்பி மெதுவாயிரும்னு ஆத்தாளே கண்டுபிடிச்சா. நீ "எங்க வீட்டுத் தனித்தன்மை"ங்கிறியே, அது வேற ஒண்ணுமில்ல, மைதா வாங்கக் காசில்லாததுதான்.

அடுப்பும் அப்படித்தான். உன் கரண்ட் அடுப்புல நூத்தியெண்பதுன்னு திருகி வெச்சுட்டு நீ ஃபோனைப் பாக்கப் போயிருவே. ஆத்தா அகலமான பானையில ரெண்டு விரக்கடை ஆத்துமணலைப் பரப்பி, அடுப்புல ஏத்திக் காய விடுவா. ஒரு துண்டு காகிதத்தை மணல்மேல போட்டுட்டு என்னை எண்ணச் சொல்லுவா. நூறு எண்ணி முடிக்கையில காகிதம் வைக்கோல் நெறத்துக்கு வரணும். அதுக்குள்ள கருகினா விறகை இழுப்பா. வெளுப்பாவே கிடந்தா இன்னொரு சுள்ளி. பிறகு தகர டப்பாவுல மாவை ஊத்தி மணல்மேல வெச்சு, மண்தட்டால மூடி, தட்டுமேல சிரட்டைக் கங்கு. கீழயும் தீ, மேலயும் தீ. முக்கா மணி நேரம் கழிச்சு, விளக்கமாத்துலருந்து புது ஈர்க்குச்சி ஒண்ணை உருவிக் கழுவிக் குத்திப் பாப்பா. மாவு ஒட்டாம வந்தா வெந்துருச்சு. அந்த ஈர்க்குச்சியை நக்குறதுக்கு நானும் என் தம்பியும் போட்ட சண்டையில இந்தா, இந்தப் புருவத்துல தழும்பு. இதையும் வேணும்னா ஒரு ஃபோட்டோ எடுத்துக்க. பாரம்பரியத் தழும்பு.

அளவு, அளவுன்னு உசிரை விடுறியே, நம்ம ஆண்டாளைக் கேட்டுப் பாரு. நம்ம பக்கத்துலயே பழைய ரெசிப்பி அவளோடதுதான். அழகர் தன்னை ஏத்துக்கிட்டா நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டுப் பாடிவெச்சா. அளவு சொன்னா, பதம் சொல்லல. அவ காலத்துல அதைச் செலுத்த முடியல. எத்தனையோ காலம் கழிச்சு ராமானுஜர் வந்து அந்த நேர்த்தியைச் செஞ்சு முடிச்சாருன்னும், அவரு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தப்ப ஆண்டாள் "அண்ணா"ன்னு கூப்பிட்டு எதிர்கொண்டான்னும் சொல்லுவாக. மார்கழி 27-ஆம் நாள் கூடாரைக்கு இன்னைக்கும் அக்கார அடிசில் பண்ணுறாகளே, பாத்திருக்கேல்ல? அவரு அவ கூடப் பொறந்தவரா? இல்ல. அவ சொன்னதைச் செஞ்சு வெச்சாரு, அண்ணனாயிட்டாரு. நீ ரத்தத்துல வர்றதுதான் ரெசிப்பின்னு நெனைக்கிற. ரெசிப்பிதான் தாயி, சொந்தத்தைக் கொண்டுவருது. டீச்சரம்மா செத்தப்ப எங்க ஆத்தா ஒப்பாரி வெச்சது அக்கான்னுதான். எந்த வகையில அக்கான்னு கேட்டா, முட்டை அடிக்கச் சொல்லிக்குடுத்த வகையில.

சரி, முட்டைன்னு வந்துட்டோம். இப்பக் கேளு, உன் கேக்கு ஏன் கவிச்சி அடிக்குது?

ரவையை மாத்திப் பாத்தே. வெண்ணெயைக் குறைச்சே. அடுப்புல குத்தமோன்னு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினே. ஃபோன்ல யாரையோ கேட்டே, அவுக இங்கிலீசுல ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாக. நோட்டுல ஆறு முட்டைன்னு இருக்கு, நீயும் விலக்குக் கடையில போயி எண்ணி ஆறு வாங்கிட்டு வந்தே. நாமக்கல் முட்டை. ஒவ்வொண்ணும் 55 கிராம் இருக்கும். உன் தராசுலயே வெச்சுப் பாரு. எல்லாத்தையும் நிறுத்தவளுக்கு முட்டையை நிறுக்கத் தோணல, ஏன்னா நோட்டுல எண்ணிக்கை போட்டிருந்துச்சு. எங்க ஆத்தா காலத்து முட்டை இந்தா, இந்த முத்தத்துல சீய்ச்சிக்கிட்டு இருக்குதே, இந்தக் கோழி போட்டது. 40 கிராம் இருந்தா அதிகம். அவளுக்கு ஆறுன்னா 240 கிராம். உனக்கு ஆறுன்னா 330. நீ நாலு முட்டை போட்டிருக்கணும். ஒண்ணரை, ரெண்டு முட்டை கூடப் போயி, அது கேக்காகாம இனிப்பு ஆம்லெட் ஆயிருச்சு. நீ நோட்டுல ஒரு எழுத்து மாறாமத்தான் செஞ்சே. உலகம் மாறிப் போச்சு, அதை யாரும் நோட்டுல எழுதல.

இதுல கூத்து என்னன்னா, அந்தக் கோழியை நீ எத்தனை ஃபோட்டோ எடுத்தே! வேலியோரம் ஒண்ணு, அம்மியோரம் ஒண்ணு, குஞ்சுகளோட ஒண்ணு. பின்னாடி கூடையில அதோட முட்டை கிடக்கு. அதை ஒருதரம் கையில எடுத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

என்ன முறைக்கிற? மொத நாளே சொல்லியிருக்கலாம்ல தாத்தான்னுதானே? சொல்லியிருந்தா மொத நாளே கேக்கு நல்லா வந்திருக்கும். நல்லா வந்திருந்தா மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பே. கெட்ட கேக்குல மூணு நாள் ஆச்சு. வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பேத்தியை வேற எதை வெச்சு நிப்பாட்ட? கேக்கு கவிச்சி அடிச்சா என்ன, தின்ன எனக்கு ஒண்ணும் ஆகல. இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். நாலாவது கேக்கையும் திங்க வயிறு ஒத்துக்கலை.

இனி நெசமான புத்தி சொல்றேன், இதுக்குக் காசு கிடையாது. பேனாவை எடு. நோட்டுல "முட்டை ஆறு"ங்கிறதை அடிக்காத. அதுக்குக் கீழயே எழுது: "நாட்டுக்கோழின்னா ஆறு, நாமக்கல்லுன்னா நாலு." பக்கத்துல இன்னைக்குத் தேதி போடு. ரவைக்குப் பதிலா நீ வேற எது போட்டாலும் எழுது, ஏன் போட்டேன்னும் எழுது. கிடைக்காததால போட்டியா, பிடிக்காததால போட்டியா, விலை கட்டாததால போட்டியான்னு எழுது. எங்க ஆத்தா மைதாவை மாத்தினா, பாபு பிராந்தியை மாத்தினாரு, தூத்துக்குடிக்காரன் வாதாங்கொட்டையை மாத்தினான். மாத்தினதுல தப்பே இல்ல. மாத்தினதை மறைச்சுட்டு "அப்படியே ஆதியில இருந்த மாதிரி"ன்னு போர்டு வைக்கிறான் பாரு, அவன்தான் பின்னாடி வர்றவளை மூணு கேக்குக்கு அலைய விடுறான்.

கடையில போர்டு வைக்கும்போது பாம்படக் கிழவியும் வேண்டாம், ரகசியமும் வேண்டாம். "டீச்சரம்மா கேக்கு, ஆத்தா ரவை, என் முட்டைக் கணக்கு"ன்னு எழுது. எவனாவது வந்து செய்முறை கேட்டா சொல்லிக் குடு. சொன்னா ஏவாரம் போயிருமோன்னு பயப்படாத. நாப்பது வருஷம் பால்கோவாக் கடாயிப் பக்கத்துல நின்னவன் நான். பாலு தெரியும், சீனி தெரியும், பதம் தெரியும், எல்லாம் தெரியும். ஒருநாளாவது வீட்டுல கிண்டியிருக்கேனா? ரெண்டு மணி நேரம் யாரு நிப்பா.

அந்தக் கடைசி வரி இருக்கே, "முந்திரி இருந்தா." அதை மட்டும் எதுவும் பண்ணிராத, அப்படியே இருக்கட்டும். அது ஆத்தா சொல்லி எழுதினது இல்ல. அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு டீச்சரம்மா வீட்டுக் கேக்குல எனக்கு ஒரே ஒரு முந்திரி மாட்டுச்சு. பாதி முந்திரிதான். அதை மெல்லாம, பொழுது சாயுற வரைக்கும் கடவாயிலயே ஒதுக்கி வெச்சிருந்தேன். ஆத்தா ஏலக்காயோட முடிச்சுட்டு எந்திரிச்சுப் போனதும், நானா எழுதிச் சேத்துட்டேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. அவ இருந்த வரைக்கும் நம்ம வீட்டுக் கேக்குல முந்திரி விழுந்ததே கிடையாது.

கூடையில முட்டை ஆறு இருக்கு, காலையிலயே எண்ணி வெச்சுட்டேன். வெயில் தாழ விலக்குக் கடைக்குப் போனேன்னா, நூறு கிராம் முந்திரி வாங்கிட்டு வா. உன் தராசுலயே நிறுத்துப் பாப்போம்.